இரண்டு கழுத்துகள்

கிட்டாருக்கும் கழுத்து உண்டு. அதைப் பார்ப்பதற்காக என் கழுத்தை மூன்றாண்டுகள் வளைத்தே வைத்திருந்தேன். பகலில் ஆய்வேட்டின் முன், இரவில் கிட்டாரின் மேல். இரண்டிடத்தும் ஒரே குனிவு. சென்ற மழைக்காலத்தில் இடத்தோள் இறுகி, தலையைத் திருப்ப இயலாமற்போயிற்று. வாசிப்பையே கைவிட நேருமோ என்று அஞ்சினேன்.

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்திருக்கையில் முதுகெலும்பு அதைத் தாங்குகிறது. குனிந்தால் பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மாற்றியவை சிலவே. இடக்காலின் கீழ் ஒரு மணைப்பலகை வைத்து, கிட்டாரின் தலைப்பகுதியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினேன். நின்று வாசிக்கையில் எடை பரவும்படி அகலமான தோள்வார் அணிந்தேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கருவியை இறக்கிவைத்துத் தோள்களைச் சுழற்றினேன். என் கிட்டார்க் கழுத்தின் மேல்விளிம்பில் 3, 5, 7, 9, 12ஆம் ஃபிரெட்டுகளை ஒட்டியுள்ள சிறு புள்ளிகள் நிமிர்ந்திருப்பவரின் கண்ணுக்கானவை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

வலி மெல்லத் தணிந்தது. ஆனால் கை மரத்துப்போனாலோ வலி விரல்வரை இறங்கினாலோ மருத்துவரைக் காண்பதே முறை.

பேசுகையில் நா எங்கே தொடுகிறது என்று எவரும் பார்ப்பதில்லை. விரல்களும் அப்படியே கற்றுக்கொள்கின்றன. ஆய்வேடு மட்டும் இன்னும் என்னைக் குனியவைக்கிறது.