ஒரு கையெழுத்து, இரண்டு தேதிகள்

பெர்லின் மாநகரின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது கார்ல்ஸ்ஹோர்ஸ்ட். தோட்டம் சூழ்ந்த வீடுகள், பழைய குதிரைப் பந்தயத் திடல், கூட்டமில்லாத தெருக்கள். மின்சார ரயிலிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று தென்படும். தோட்டத்தில் சோவியத் டாங்கி நிற்காவிட்டால், யாரோ பணக்காரருடைய பங்களா என்று நினைத்துத் தாண்டிப் போய்விடலாம்.

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்தது இந்த வீட்டில்தான். 1930-களின் பிற்பகுதியில் ஹிட்லரின் ராணுவப் பொறியாளர் பள்ளிக்கு அதிகாரிகளின் உணவு விடுதியாகக் கட்டப்பட்டது இது. 1945 மே 8 நள்ளிரவையொட்டி அதன் கூடத்துக்கு ஜெர்மன் தளபதி கைட்டல் அழைத்து வரப்பட்டார். எதிரே சோவியத் மார்ஷல் ஜூக்கோவ், பிரிட்டனின் டெட்டர், அமெரிக்காவின் ஸ்பாட்ஸ், பிரான்சின் டி லாத்ர. ஜெர்மானியர்களுக்குத் தனியாக ஒரு மேசை. முந்தைய நாள் பிரான்சின் ரேம்ஸ் நகரில் ஏற்கெனவே ஒரு முறை சரணாகதி கையெழுத்தாகியிருந்தாலும், பெர்லினிலேயே அது நடக்க வேண்டும் என்பதில் ஸ்டாலின் உறுதியாக இருந்தார்.

போர் நிறுத்தத்துக்குக் குறித்த நேரம் மத்திய ஐரோப்பியக் கணக்கில் மே 8 இரவு 11.01. மாஸ்கோவில் அப்போது மே 9 பிறந்துவிட்டது. அதனால் மேற்கு ஐரோப்பாவுக்குப் போர் முடிந்த நாள் மே 8. ரஷ்யாவுக்கு வெற்றித் திருநாள் மே 9. ஒரே கையெழுத்துக்கு இரண்டு தேதிகள்.

அந்தப் பத்திரத்தில் இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது ஆங்கிலம், ரஷ்யம், ஜெர்மன் என மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டது. ஆனால் ஆங்கிலமும் ரஷ்யமும் மட்டுமே செல்லத்தக்கவை என்று அதிலேயே குறிப்பு இருக்கிறது. தோற்றவனின் மொழிக்கு அந்த மேசையில் மதிப்பில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, அதே வீட்டில் இரண்டு மொழிகளையும் சமமாக உட்கார வைக்க ஒரு முயற்சி நடந்தது. அது பலித்ததும் பிறகு இடறியதும்தான் இந்த வீட்டின் மீதிக் கதை.

போருக்குப் பின் சோவியத் ராணுவ நிர்வாகம் இங்கிருந்துதான் கிழக்கு ஜெர்மனியை ஆண்டது. 1949-இல் புதிய கிழக்கு ஜெர்மன் அரசிடம் நிர்வாகப் பொறுப்பு கைமாறியதும் இங்கேதான். 1967-இல் சோவியத் ராணுவம் இதை அருங்காட்சியகமாக்கியது. வெற்றியாளர் சொன்ன கதை அது: வீரம், தியாகம், ரைக்ஸ்டாக் முற்றுகையைக் காட்டும் பெரிய காட்சி அமைப்பு.

பிறகு பெர்லின் சுவர் விழுந்தது, சோவியத் யூனியன் கலைந்தது. 1994 ஆகஸ்ட் இறுதிக்குள் ரஷ்யத் துருப்புகள் ஜெர்மனியை விட்டுக் கிளம்பின. அருங்காட்சியகத்தை என்ன செய்வது? மூட்டை கட்டி மாஸ்கோவுக்கு அனுப்பியிருக்கலாம். ஜெர்மன் அரசே எடுத்துக்கொண்டு தன் கதையைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. இரு தரப்பும் சேர்ந்து ஒரு சங்கம் பதிவு செய்தன.

ஜெர்மானியர்களுக்குச் சங்கம் என்பது ஏறக்குறைய தேசிய வழக்கம். குறைந்தது 7 உறுப்பினர் சேர்ந்தால் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பாட்டுக் குழுவும் பந்தாட்டக் குழுவும் பதிவாகும் அதே சட்டத்தில்தான், 1994-இல், இரண்டு பழைய பகைவர்களின் நினைவைப் பராமரிக்கும் சங்கமும் பதிவானது. லாப நோக்கம் இல்லை. செலவு ஜெர்மன் அரசுடையது. உறுப்பினர்கள் இரு நாட்டு அமைச்சகங்களும் அருங்காட்சியகங்களும். என்ன காட்டுவது, எப்படிச் சொல்வது என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

1995 மே மாதம் கதவு திறந்தது. விளக்க வாசகங்கள் ஜெர்மனிலும் ரஷ்யத்திலும் அருகருகே. ஜெர்மன் ராணுவம் கிழக்கே செய்தது சாதாரணப் போரல்ல, ஓர் இனத்தையே அழிக்கும் போர் என்பதை ஜெர்மன் பணத்தில், ஜெர்மன் மொழியில் சுவரில் எழுதி வைத்தார்கள். ஜெர்மானியரிடம் சிக்கிய சோவியத் கைதிகள் சுமார் 57 லட்சம் பேர். அவர்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பசியிலும் குளிரிலும் தோட்டாவிலும் செத்தார்கள். உயிரோடு திரும்பியவர்களையும் ஸ்டாலின் ஆட்சி சந்தேகக் கண்ணோடு பார்த்தது. ஆகவே இரண்டு நாடுகளுமே பேசத் தயங்கிய விஷயம் இது. இந்த வீட்டில் அது பேசப்பட்டது.

ஆனால் பெயரில் ஒரு சிக்கல் இருந்தது. வாசலில் இருந்த பெயர் 'ஜெர்மன்-ரஷ்ய அருங்காட்சியகம்'. போரில் மாண்ட 2 கோடியே 70 லட்சம் சோவியத் மக்களும் ரஷ்யர்களா? பெலாரஸ் தன் மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவரை இழந்தது. உக்ரைன் மண் முழுவதும் ஆக்கிரமிப்பில் கிடந்தது. 1990-களின் பிற்பகுதியில் மின்ஸ்க், கீவ் நகரங்களின் போர் அருங்காட்சியகங்களும் சங்கத்தில் சேர்ந்தன. வாசலில் நான்கு கொடிகள் பறந்தன. பெயர் மட்டும் மாறவில்லை.

2021 ஜூனில், சோவியத் யூனியன் மீது ஹிட்லர் படையெடுத்த 80-ஆம் ஆண்டை நினைவுகூர ஜெர்மன் ஜனாதிபதி ஸ்டைன்மையர் இங்கே வந்து பேசினார். உக்ரைன் தூதர் வர மறுத்துவிட்டார். ரஷ்யாவின் பெயர் தாங்கிய இடத்தில் உக்ரைனியர்களுக்கு அஞ்சலியா என்பது அவர் கேள்வி. பலருக்கு அது மிகையான கோபமாகத் தோன்றியது.

எட்டு மாதம்தான். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. கார்ல்ஸ்ஹோர்ஸ்டில் கொடிகள் இறக்கப்பட்டன. உக்ரைன் கொடி மட்டும் ஏறியது. அந்த வசந்தத்திலேயே 'ஜெர்மன்-ரஷ்ய' என்ற சொற்களும் போயின. சங்கத்தின் பதிவுப் பெயரான 'பெர்லின்-கார்ல்ஸ்ஹோர்ஸ்ட் அருங்காட்சியகம்' என்பதே இப்போது வழங்குகிறது. ரஷ்ய, பெலாரஸ் அரசு அமைப்புகளோடு கூட்டுப் பணி நின்றுபோனது.

இந்த வீட்டுக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல இது. புடினும் ஷ்ரோடரும் 2001-இல் தொடங்கி வைத்த 'பீட்டர்ஸ்பர்க் உரையாடல்' என்ற மன்றமும் போருக்குப் பின் கலைப்புக்குப் போனது. 1992 முதல் இரு நாட்டு இளைஞர்களையும் தொண்டு நிறுவனங்களையும் இணைத்துவந்த ஒரு பெர்லின் சங்கத்தை, போருக்கு முன்பே, 2021-இல், 'விரும்பத்தகாத அமைப்பு' என்று ரஷ்யா அறிவித்துவிட்டது. அந்த முத்திரை விழுந்தபின் அதனோடு சேர்ந்து வேலை செய்யும் ரஷ்யருக்குச் சிறைகூடக் கிடைக்கலாம். பாதிக்கப்படுவது அமைச்சர்கள் அல்ல. பெர்லினுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியர்களும் மாணவர்களும்தான்.

அப்படியென்றால் முப்பது ஆண்டுப் பேச்சு வீணா? போரை ஒரு சங்கம் தடுக்க முடியாது. தடுக்கும் என்று யாரும் பதிவு செய்யவில்லை. இந்தச் சங்கத்தின் குறை வேறு. எதிரே உட்கார்ந்தவர் எல்லாருக்காகவும் பேசுகிறார் என்று அது நெடுநாள் எடுத்துக்கொண்டது. அதன் பலமும் கண்ணெதிரே இருக்கிறது. ஜெர்மன் குற்றங்களைச் சொல்லும் சுவர்களில் ஒரு வரியைக்கூட இந்தப் போர் பொய்யாக்கவில்லை. ரஷ்ய வாசகங்களை யாரும் பெயர்த்தெறியவும் இல்லை.

தேதிச் சண்டைகூட ஓயவில்லை. 2023-இல் உக்ரைன் தன் நினைவு நாளை மே 9-லிருந்து மே 8-க்கு மாற்றிக்கொண்டது. மாஸ்கோவில் மே 9 அணிவகுப்பு தொடர்கிறது.

கையெழுத்துக் கூடத்தில் நீண்ட மேசைகள் அப்படியே போடப்பட்டிருக்கின்றன. நான்கு நேச நாடுகளின் கொடிகள் பின்னால் தொங்குகின்றன. அனுமதிக் கட்டணம் கிடையாது. ரஷ்யாவின் இடத்தில் இப்போது உட்கார ஆளில்லை. ஆனால் நாற்காலியை யாரும் எடுத்துப் போடவில்லை.