மேட்டில் கொடி, பள்ளத்தில் வீடு

ஜனவரி 28, 2023, சனி

நேற்று ராத்திரி ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது. தலை இன்னும் நிதானத்துக்கு வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்காவிட்டால் எல்லாம் குழம்பிப் போகும். அதற்குத்தான் இந்த நோட்டு.

மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. என் கணவர் ஆக்லாந்து சிட்டியிலிருந்து கிளம்பி நார்த்வெஸ்டர்ன் மோட்டார்வேயில் மாட்டிக்கொண்டார். சிட்டிக்கு வெளியே, குமேயூ வீட்டில் நானும் மகனும், பொங்கலுக்கு முன்னால் கம்பத்திலிருந்து வந்த அப்பாவும். பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்த அப்பா, "தாயி, இந்தத் தண்ணி ஓடலை, நிக்கிது. சாமானை மேல ஏத்து" என்றார். எனக்குப் பதற்றம், அவர் பதறவில்லை. பாஸ்போர்ட் பை, அரிசி மூட்டை, பையனின் லேப்டாப், சாமி படம் என்று ஒவ்வொன்றாக மேசைக்குப் போயின.

தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. முதலில் கார்ப்பெட் உப்பியது. கால் வைத்த இடத்தில் பிழிந்துகொண்டு வெளியே வந்தது. பிறகு சுவரோரமாக ஒரு பழுப்புக் கோடு, பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். சாக்கடையும் டீசலும் கலந்த வாடை.

மேட்டில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் டிராக்டரோடு வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார். அதுவரை ரோட்டில் பார்த்தால் கை காட்டுவதோடு சரி. ராத்திரி அவர் வீட்டு ரேடியோவில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி: விமான நிலையத்துக்குள் தண்ணீர், மவுண்ட் ஸ்மார்ட் அரங்கில் எல்டன் ஜான் கச்சேரி ரத்து, கடைசியில் அவசரநிலை.

ஜனவரி 29

கணவர் வந்து சேர்ந்தார், பாதித் தூரம் நடந்து. மகன் அவரை விடவே மாட்டேன் என்கிறான்.

ஜனவரி 31

விமான நிலையத்தில் ஒரே நாளில் 240 மி.மீ.க்கு மேல் பெய்திருக்கிறது. ஆக்லாந்தில் நான்கு பேர் இறந்துபோனார்கள். எங்கள் வாசலில் மஞ்சள் நோட்டீஸ்: சாமான் எடுக்கப் போகலாம், தங்கக் கூடாது.

கார்ப்பெட்டைக் கிழித்து வெளியே போட்டோம். சுவரின் ஜிப் பலகையை இடுப்பளவு அறுத்து எடுக்க வேண்டுமாம். தெரு முழுக்க மெத்தையும் சோபாவும் ஃபிரிட்ஜும் குவிந்து கிடக்கின்றன. எதிர்வீட்டு அம்மா 2021 ஆகஸ்ட் கடைசியில் வந்த வெள்ளத்தையும் பார்த்தவர். அப்போது 200 மி.மீ.க்கு மேல் பெய்ததாம். கொரோனா நான்காம் நிலை ஊரடங்கு வேறு. உதவிக்கு யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூடாது என்றுகூடத் தெரியாமல் நின்றோம் என்றார். அதற்குப் பிறகு வாங்கிய கார்ப்பெட்தான் இப்போது வெளியே கிடக்கிறது.

ஊரை விட்டுப் போகப் போகிறீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

பிப்ரவரி 2

தம்பி போன். அப்பாவின் சுருளிப்பட்டி திராட்சை நிலத்தை வாங்க ஆள் வந்திருக்கிறதாம், நல்ல விலை. "அப்பா அங்க இருக்கப்பவே நீ பேசி முடிச்சிரு அக்கா." நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். இப்போது எந்த முகத்தோடு பேசுவது?

பிப்ரவரி 6, வைதாங்கி தினம்

பெரியவர் வீட்டில் சாப்பாடு. அவர் சொல்லச் சொல்ல அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். ரொம்ப நாளாக இந்த ஊரில் இருந்தும் இதெல்லாம் எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

இந்த ஊர் ஏன் இந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது? அப்பாதான் கேட்கச் சொன்னார். பெரியவர் மேசை மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். கிழக்கே வைட்டெமாட்டா துறைமுகம், வடமேற்கே கைபாரா. மாவோரிகள் ரிவர்ஹெட் வரை ஓடத்தில் வந்து, அங்கிருந்து ஓடங்களைத் தரையில் இழுத்துக் குமேயூ ஆற்றில் இறக்கிக் கைபாராவுக்குப் போவார்கள். இழுக்கிறவன் மேட்டைத் தேடுவானா, சமதரையைத் தேடுவானா? 1875இல் ரிவர்ஹெட்டிலிருந்து ஹெலன்ஸ்வில்லுக்கு ரயில் போட்டவர்களும் அந்தத் தாழ்வான நிலத்தையே பிடித்தார்கள். பிறகு வந்த பதினாறாம் எண் நெடுஞ்சாலையும் அப்படியே. ரோடு வந்த இடத்தில் கடை, கடை வந்த இடத்தில் வீடு. "எல்லாருக்கும் முன்னால் அந்த வழியைக் கண்டுபிடித்தது தண்ணீர்" என்றார் பெரியவர்.

அவருடைய தாத்தா டால்மேஷியாவிலிருந்து வந்தவர், இன்றைய குரோவேஷியாவின் கடற்கரை. வந்தது திராட்சைக்காக இல்லை; சதுப்பில் புதைந்து கிடந்த கவுரி மரத்துப் பிசினைத் தோண்ட. வார்னிஷ் செய்ய அந்தப் பிசின் கப்பல் கப்பலாக ஏற்றுமதியான காலம். நீண்ட கம்பியால் சேற்றைக் குத்திக் குத்தி, கம்பி தட்டுப்படும் இடத்தில் மண்வெட்டி போடுவார்களாம். ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்து வந்ததால் இங்குள்ளவர்கள் அவர்களை ஆஸ்திரியர்கள் என்று ஒதுக்கினார்கள். 1898இல் வந்த சட்டம் பிசின் நிலங்களில் ஒரு பகுதியை பிரிட்டிஷ் பிரஜைகளுக்கென்று ஒதுக்கிவிட்டது. பிசினை நம்ப முடியாது என்றானதும், ஊரில் பழகிய தொழிலுக்குத் திரும்பினார்கள். கொடி நட்டார்கள்.

ஆஸ்திரியனாக இல்லாத ஆளை ஆஸ்திரியன் என்று சொல்லி நிலத்தை மறுத்ததைப் பெரியவர் கோபமில்லாமல் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது.

அப்பா கேட்ட ஒரே கேள்வி: "அவுக தாத்தா முதக்கொடிய எங்க நட்டாரு? மேட்டுலயா, பள்ளத்துலயா?"

மேட்டில்.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். வரும் வழியில் காருக்குள் சொன்னார்: "நம்ம பக்கமும் அப்பிடித்தான். ஆத்தோரம் நெல்லு. கொடிக்கு மேடு. வேருக்கு மூச்சு வேணும்ல."

பிப்ரவரி 14

கேப்ரியேல் புயல். ராத்திரி முழுக்கக் காற்று. ஆறு மறுபடி ரோட்டுக்கு வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் அவசரநிலை. மேற்கே மூரிவாயில் மலை சரிந்து, உதவப் போன தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் புதைந்தார்கள். ஒருவரைக் காணவில்லை, இன்னொருவர் ஆஸ்பத்திரியில். சம்பளமில்லாமல் ஊருக்காகப் போன மனிதர்கள். வேறு எதுவும் எழுத மனம் வரவில்லை.

பிப்ரவரி 17

காணாமல் போனவர் உயிரோடு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தவரும் போய்விட்டார்.

பிப்ரவரி 26

இப்போதைக்கு ஹெண்டர்சனில் ஒரு யூனிட். பக்கத்தில்தான் கோர்பன் எஸ்டேட். இன்று கலைக்கூடமாக இருக்கிறது. அப்பாவோடு நடந்து போனேன். லெபனானிலிருந்து வந்த அசீத் ஆபிரகாம் கோர்பன் 1902இல் இங்கே தோட்டம் தொடங்கினார். சில ஆண்டுகளில் இந்தத் தொகுதி மதுவிலக்குக்கு வாக்களித்துவிட்டது. ஒயின் செய்யலாம், தன் இடத்தில் வைத்து விற்கக் கூடாது. தொகுதியின் எல்லை ரயில் பாதை. அவர் பாதைக்கு அந்தப் பக்கம் விற்பனைக் கொட்டகை போட்டார். அப்பா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் வாழ்நாளில் மது தொட்டதில்லை. ஆனாலும், "தோட்டத்த விட்டுட்டுப் போகல பாரு" என்றார்.

சிறு ஓடை ஒன்று பக்கத்தில் போகிறது. இங்கேயும் கரையெல்லாம் வெள்ளம் வந்து போன குப்பை.

மார்ச் 12, ஞாயிறு

இன்றைக்கு மனம் லேசாக இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. பெரியவர் தோட்டத்தில் அறுவடை. ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டார். நாங்கள் எல்லோருமே போனோம்.

சார்டொனே, வெள்ளைத் திராட்சை. குலை சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இந்தக் கோடையின் மழையில் நிறையக் குலைகள் நடுவில் அழுகியிருந்தன. வெளியே பார்த்தால் தெரியாது. அப்பா ஒரு குலையை வெட்டாமல் இரண்டு விரலால் ஏந்தி, மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். பிறகு கத்தரி நுனியை உள்ளே விட்டு, சாம்பல் பூத்த நாலைந்து பழங்களை மட்டும் நறுக்கித் தட்டிவிட்டு, மிச்சத்தைக் கூடையில் வைத்தார். அடுத்த குலையை மோந்தார், அப்படியே தரையில் போட்டார். பெரியவர் அடுத்த வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மற்ற ஆட்களிடம் அப்பாவைக் கைகாட்டி, அதேபோலச் செய்யச் சொன்னார்.

அப்பாவுக்கு இங்குள்ள முறை புதிது. நம் ஊரில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தல்; கொடியின் நிழலில் நின்று அண்ணாந்து வெட்டுவோம். ஆண்டு முழுக்கக் காய்க்கும், சந்தைக்குப் போகும். இங்கே வேலிபோல் வரிசை. ஆண்டுக்கு ஒரே அறுவடை. பாதியை மழை கொண்டுபோனால் அடுத்த ஆண்டுதான். தண்ணீர் பாய்ச்சுவதே இல்லை என்றதும் நம்பவில்லை. குனிந்து களிமண்ணை உருட்டிப் பார்த்தார். பிறகு நம்பினார்.

மத்தியானம் மரத்தடியில் பெரியவர் பழைய கதை சொன்னார். முன்பெல்லாம் டால்மேஷியர்கள் செய்யும் ஒயின் என்றால் மட்டச் சரக்கு என்று பெயர். 1943இல் நொபிலோ குடும்பம், 1944இல் பிராய்கோவிச் குடும்பம் இந்தப் பக்கம் வந்து ஊன்றினார்கள். பிராய்கோவிச் மகன் மைக்கேல் 1980களின் தொடக்கத்தில் பிரான்ஸுக்குப் போய் போர்தோ பக்கம் வேலை பார்த்துத் திரும்பினார். 1989இல் மாஸ்டர் ஆஃப் ஒயின் பட்டம் பெற்ற முதல் நியூசிலாந்துக்காரர் அவர். 2015இல் லண்டனில் குமேயூ ரிவர் சார்டொனேயைப் பேர்பெற்ற பர்கண்டி ஒயின்களோடு பெயர் மறைத்துச் சுவைத்தபோது, பல சுற்றுகளில் குமேயூவே முந்தியது. சொல்லும்போது பெரியவர் குரல் உயர்ந்தது. அது அவர் தோட்டம் இல்லை. ஆனாலும் அவர் ஊர்.

போர்தோ பக்கத்து லிபூர்னைப் பற்றியும் சொன்னார். ஈல் ஆறு டோர்டோஞ்சில் சேரும் முனையில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த ஊர். ஒயின் பீப்பாய்கள் படகேறிய துறை. அங்கேயும் கோட்டைக் கோபுரத்தடியில் ஆறு, கரையில் ஊர், ஊருக்கு மேலே சேன்ட் எமிலியோன் மேட்டில் கொடி. ஆறு ஏறினால் நனைவது துறைதான்.

அப்பாவைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். நிலத்தைப் பற்றி இன்றைக்கும் பேசவில்லை.

மார்ச் 25

குமேயூ வாடகை வீட்டின் உரிமையாளர் மெயில்: ஜூனில் வீடு தயார், திரும்பி வருகிறீர்களா? கணவர் வேண்டாம் என்கிறார். மகன் வேண்டும் என்கிறான். இரண்டுமே சரியாகப் படுகிறது. ராத்திரி கூரையில் மழை விழுந்தால் எழுந்து தரையைத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

சித்திரை பிறந்தாயிற்று. தம்பி வாட்ஸ்அப்பில் செய்தித்தாள் துண்டு அனுப்பியிருந்தான்: கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு. தமிழ்நாட்டுக்கு அதை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று அதில் போட்டிருந்தது.

படித்துக் காட்டினேன். அப்பா இரண்டாம் தரம் படிக்கச் சொன்னார். பிறகு, "நம்ம பழமும் வந்தேறிதானா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வருத்தமாகச் சொல்லவில்லை. அதைப் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று உடனே கிளம்பினார். நான் கார் ஓட்டினேன். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது அப்பாவே ஆரம்பித்தார். "உன் தம்பி சொல்லியிருப்பான்ல." ஆமாம் என்றேன். "வித்துப்புடலாம். காசு வரும். ஆனா அந்தப் பந்தல்ல அடுத்த கவாத்துக்கு யாரு நிப்பா? அதச் சொல்லச் சொல்லு. அப்புறம் விக்கலாம்."

நான் பதில் சொல்லவில்லை. ரோட்டோரம் எங்கள் தெரு வந்தது. எதிர்வீட்டு அம்மா புதுக் கார்ப்பெட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 29

அப்பா ஊருக்குக் கிளம்பினார்.

மே 9

பேய் மழை. ஆக்லாந்தில் மறுபடி அவசரநிலை. மகனைப் பள்ளியிலிருந்து முன்னதாகவே கூட்டி வந்துவிட்டேன். ஹெண்டர்சனில் இருந்துகொண்டு குமேயூ ஆற்று மட்டத்தை போனில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காலி வீடு அது. எங்களுடையதும் இல்லை.

வீட்டு உரிமையாளருக்கும் தம்பிக்கும் இந்த வாரம் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மெயிலும் எழுதிப் பாதியில் நிற்கின்றன.

சாயங்காலம் பெரியவர் போன் செய்தார். அவர் பக்கம் பத்திரம். ஜூலையில் கவாத்து, ஆள் வேண்டும், வருவீர்களா என்று கேட்டார். வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். எந்த வீட்டிலிருந்து கிளம்பி வருவோம் என்று அவர் கேட்கவில்லை.