சோதனை ஓட்டத்தின் தேதிகள்

1940
சுதந்திர இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. சுதந்திரத்துக்கு முன் அதற்குச் சற்று நெருங்கி வந்தது, இரண்டாம் உலகப் போரின்போது பிறந்த தேசியச் சேவை (தொழில்நுட்பப் பணியாளர்) அவசரச் சட்டம். போர்த் தளவாடம் செய்யும் ஆலைகளுக்குத் தொழில் தெரிந்த ஆட்களை அரசே அனுப்பிவைக்க அது வழி செய்தது. துப்பாக்கி பிடிப்பவரைவிட லேத் பிடிப்பவருக்குத்தான் அப்போது அதிகப் பஞ்சம்.

1952, சென்னை
எல்லைக் காவலுக்கு உகந்த மோட்டார் சைக்கிளைத் தேடிய இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தது. இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்து வந்த வண்டிகள் தாக்குப்பிடித்தன. அவற்றை இங்கேயே செய்ய 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இன்று அந்த வண்டி ஒரகடத்திலும், பிள்ளைப்பாக்கத்தை அடுத்த வல்லம் வடகாலிலும் தயாராகிறது.

1965 டிசம்பர் 29, ஆவடி
கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. வடிவமைப்பு பிரிட்டனின் விக்கர்ஸ். எஞ்சின் லேலண்ட் எல்60. பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியிலும் இதே எஞ்சின்தான், அங்கேயும் அது படுத்திய பாடு கொஞ்சமல்ல.

1967 ஆகஸ்ட், சிங்கப்பூர்
கட்டாய தேசியச் சேவையின் முதல் அணி முகாமுக்குப் போனது. அன்று முதல் சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர்களுக்கும் படைப் பயிற்சி வாழ்க்கையின் ஒரு கட்டம். இத்தகைய படையில் வாகனச் சோதனைக்குக் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு: இரண்டே ஆண்டுகளில் விடைபெறப்போகும் இளைஞர் இதைச் சில மாதங்களில் கற்றுக்கொள்வாரா? இந்தியாவில், 2022-க்கு முன் படையில் சேர்ந்தவர்களைப் பொறுத்தவரை, அந்த அவசரம் இல்லை. டாங்கி ஓட்டுபவர் பல ஆண்டுகள் அதே ரெஜிமெண்டில் இருப்பார்; வண்டியின் குறையும் அவருக்கு அத்தனை ஆண்டுகள் நினைவிருக்கும்.

1974–2010, ஆவடியும் ராஜஸ்தானும்
அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1974-இல். உள்நாட்டு எஞ்சின் கைகூடாததால் ஜெர்மனியின் எம்.டி.யூ. எஞ்சின், 1,400 குதிரைத்திறன், பொருத்தப்பட்டது. சென்னை வெயிலில் ஓடிய மாதிரி வண்டிகள் தார்ப் பாலைவனத்தில் சூடேறித் தவித்தன. காரணம் எளிது. காற்றின் வெப்பம் கூடினால் அதன் அடர்த்தி குறையும், எரிபொருளுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். ரேடியேட்டர் நீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம் சுருங்கிவிடுவதால் எஞ்சின் குளிராது. போதாக்குறைக்குப் புழுதி ஏர் ஃபில்டரை அடைக்கும்.

டாங்கியை வடிவமைத்த ஆய்வகத்தின் சோதனையும் படையின் சோதனையும் ஒன்றல்ல. படை நடத்துவது பயனர் சோதனை. கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர் என நால்வரும் சிப்பாய்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை குண்டு, எந்த பாகம் எப்போது போனது என்று எல்லாம் பதிவாகும். இதில் கடுமையானது, ஒரு டாங்கி பல ஆண்டுகளில் ஓட வேண்டியதைச் சில மாதங்களில் ஓட்டி முடிக்கும் நம்பகத்தன்மைச் சோதனை. வடிவமைத்தவர்கள் ஒதுங்கி நின்று பார்க்க வேண்டிய கட்டம் இது. அர்ஜுனைப் பொறுத்தவரை இரு தரப்புக்கும் இடையே கசப்பு வளர்ந்ததும் இங்கேதான். அடிக்கடி தேவைகளை மாற்றுகிறார்கள் என்றது ஒரு தரப்பு. கேட்டது வரவில்லை என்றது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருந்தது.

58.5 டன் எடை மணலில் புதைந்துவிடாதா என்ற சந்தேகமும் எழுந்தது. அகலமான சங்கிலிப் பட்டைகள் எடையைப் பரப்பிவிடுவதால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான அழுத்தமே தரையில் விழும். மணலைவிடப் பாலங்களும் ரயில் வேகன்களும்தான் அந்த எடைக்குத் தடை.

2000-இல் 124 டாங்கிகளுக்கு ஆர்டர் வந்தது. 2004-இல் முதல் வண்டிகள் படையிடம் போயின. 2010 மார்ச்சில் ரஷ்ய டி-90 டாங்கியோடு ஒப்பீட்டுச் சோதனை நடந்தது. அர்ஜுன் நன்றாகவே தேறியது.

2021, ஆவடி
செப்டம்பர் 23 அன்று 118 அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கிகளுக்கு ஆர்டர் தரப்பட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். பல, படை கேட்டவை. எடை சுமார் 68 டன் ஆனது.

இன்று, ஒரகடம்
ஒரகடத்தில், 2005-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அமைந்த உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில், கார்களும் லாரிகளும் மோதல், மின்காந்த இடையூறு உள்ளிட்ட சோதனைகளைச் சந்திக்கின்றன. இங்கே தேர்ச்சிக்கு அளவுகோல் அச்சிட்ட விதிமுறை. டாங்கிக்கு அதோடு சேர்த்து ரெஜிமெண்டின் ஒப்புதலும் வேண்டும்.