கொஞ்சம் இழுக்கும்

எங்கள் ஊரில் இரண்டாவது பிள்ளை பிறந்தால், பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்பதற்கு முன்னால் “ஆபரேஷன் பண்ணியாச்சா?” என்றுதான் கேட்பார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்கள் பக்கம் ஒரு சதவீதம்கூட இல்லை. அவர்களுக்குரியது இதைவிடச் சின்ன சிகிச்சை, வயிற்றைத் திறக்கவே வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பிரசவமான மூன்றாம் நாள் எனக்குச் செய்தார்கள். “மரத்துப்போற ஊசி போட்டாச்சும்மா, வலிக்காது. கொஞ்சம் இழுக்கும்” என்றார் நர்ஸம்மா. தொப்புளுக்குக் கீழே கத்தி வைத்தது தெரியவில்லை. கருக்குழாயைப் பிடித்து வெளியே இழுத்துக் கட்டியபோதுதான் தெரிந்தது. அடிவயிற்றில் கிளம்பிய வலி இடுப்புவரை போனது, குமட்டியது. கத்தினேன். “பிள்ளையே பெத்துட்ட, இதுக்குப் போய் கத்துறியேம்மா” என்று பதில் வந்தது.

காரணம் சிக்கலானதல்ல. வயிற்றில் போடும் லிக்னோகெய்ன் ஊசி தோலையும் அதன் கீழுள்ள அடுக்குகளையும்தான் மரக்கச் செய்யும். கருக்குழாயின் நரம்புகள் வேறு வழியாகப் போகின்றன. ஊசி அங்கே எட்டாது. லேப்ராஸ்கோப்பி என்றால் வயிற்றுக்குள் வாயு நிரப்புவார்கள். அது உதரவிதானத்தை உறுத்தும், வலியோ தோள்பட்டையில் தெரியும். தோள் வலிக்கிறது என்ற என் நாத்தனாரிடம், பிள்ளையைத் தூக்கியே வைத்திருந்தால் அப்படித்தான் என்றார்களாம்!

குழாயின் மேலேயே அந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடலாம். ஊசி வேலைசெய்யச் சில நிமிடம் பொறுக்கலாம். வலி மருந்தை முன்கூட்டியே கொடுத்து, குழாயை மெதுவாகக் கையாளலாம். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை, நேரம்தான் வேண்டும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அது செய்தியானது. இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தும்படி 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வேகத்தில் யாருக்கு மருந்து பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை என்று யார் பார்த்திருப்பார்கள்?

என் தங்கை மேசையில் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிட்டாள்: “டாக்டர், குழாய்க்கும் மருந்து விடுவீங்களா?” அவர் நிமிர்ந்து பார்த்தார். “யாரும்மா உனக்குச் சொன்னது?” என்றவர், நர்ஸிடம் இன்னொரு சிரிஞ்சில் மருந்து எடுக்கச் சொன்னார்.