கைத்திறனுக்கு ஒரு சான்று

கொல்லிமலையை அடுத்த எங்கள் எருமப்பட்டி வட்டாரத்திலிருந்து அரபு நாடுகளுக்கு இரண்டு செல்வங்கள் போகின்றன. ஒன்று கோழிமுட்டை; மற்றொன்று கைத்திறன். முட்டை கப்பலேறுமுன் கால்நடை மருத்துவரின் நலச்சான்று பெற்றாக வேண்டும். கைத்திறனோ பெரும்பாலும் வெறுங்கையோடுதான் விமானம் ஏறுகிறது.

என் அக்காள் மகன், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையொன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் வெல்டிங் செய்தவன். அவன் வளைகுடாவுக்குச் சென்றபோது விசாவில் இருந்த சொல் 'கூலியாள்'. அங்கே அவன் பார்த்தது வெல்டிங் வேலை. வாங்கியது கூலியாளின் சம்பளம். ஒரு சொல்லின் விலையை அவன் குடும்பம் ஆறு ஆண்டுகள் செலுத்திற்று.

1973இல் எண்ணெய் விலை ஏறியபின் அரபு நாடுகளில் கட்டுமானம் பெருகிற்று. நம்மவரும் திரளாகச் சபர் புறப்பட்டனர். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் வழிவந்த முறையோ, பத்தாம் வகுப்புத் தேறியவர், தேறாதவர் என்றே அவர்களைப் பிரித்தது. பட்டறையில் பழுத்த கைக்கு அதில் இடமில்லை.

இன்று காலம் மாறிவருகிறது. சவூதி அரேபியா வெல்டிங் உள்ளிட்ட பல தொழில்களுக்கு, புறப்படுமுன் இந்தியாவிலேயே திறன்தேர்வு வைக்கிறது. பள்ளியில் பயிலாது பட்டறையில் கற்றவரையும் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு, 2015இல் தொடங்கிய மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் உண்டு.

பிள்ளையை அனுப்பும் பெற்றோரே! விசாவுக்குப் பணம் திரட்டுமுன் அவன் தொழிலுக்குச் சான்று பெறுங்கள். விசாவில் எழுதியிருக்கும் தொழிற்பெயரை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள். கடல் கடந்தபின் அந்தச் சொல்லைத் திருத்துவது எளிதன்று.