திண்டிவனத்தில் கட்டும் நூல்

கெடார் பக்கத்து மானாவாரி மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, புரட்டாசியில் பார்த்தால் வயிறு எரியும். இலையில் கரும்புள்ளி, அடிப்பக்கம் துருப்பொடி. காய் முற்றுமுன்பே இலை கொட்டிக் கொல்லை குச்சியாக நிற்கும். "காய் குறைஞ்சாலும் பரவாயில்ல சார், மாட்டுக்குக் கொடி இல்லாம போவுதே" என்றார் ஒன்றரை ஏக்கர்க்காரர் ஒருவர். டிக்கா என்கிற இலைப்புள்ளியும் துருவும் சேர்ந்து தாக்கினால் பாதி மகசூல்கூடப் போய்விடும். மருந்து அடிக்கலாம்தான். மழையை நம்பி விதைத்தவருக்கு அது இன்னொரு கடன். தாங்கும் சக்தி விதைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அதற்காகத்தான் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். டிஎம்வி 2 (1940), டிஎம்வி 7 (1967) இரண்டும் இந்த ஊர் தந்த ரகங்கள்.

ஒட்டுக்கட்டும் வேலை சாயங்காலம் தொடங்குகிறது. மறுநாள் விரியப்போகும் மொட்டாகப் பார்த்து, இடதுகை விரலில் தாங்கி, கூர்முனை இடுக்கியால் வெளி இதழ்களை விலக்குகிறார்கள் பெண்கள். உள்ளே மூடியிருக்கும் படகிதழைத் திறந்து மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். ஒரு பை தங்கிவிட்டாலும் பூ தன் மகரந்தத்திலேயே கருவுற்றுவிடும். சூல்முடி நசுங்கினாலோ மொட்டே வீண். "மூச்சக்கூட மெதுவாத்தான் விடணும்" என்றார் கண்ணாடி போட்ட ஓர் அக்கா, மொட்டிலிருந்து கண் எடுக்காமல். மறுநாள் காலை, ஆணாகத் தேர்ந்த செடியின் பூவிலிருந்து மகரந்தத்தைப் பிதுக்கித் தடவி, அடையாளத்துக்கு வண்ண நூல் கட்டுகிறார்கள். சில நாளில் கருவுற்ற பூவின் விழுது மண்ணுக்குள் இறங்கும். ஒட்டுக்கட்டாத பூவின் விழுதுகளைக் கிள்ளிவிடுகிறார்கள். ரகம் வெளியாகும் நாளில் விஞ்ஞானிகளோடு இந்தப் பெண்களின் பெயரையும் மேடையில் படிக்க வேண்டும் என்பேன்.

பிறகு பல தலைமுறை விதைத்து, நோயை வேண்டுமென்றே வரவழைத்துச் செடிகளைச் சலிக்க வேண்டும். சோதனை வயல்களில் நோய் பரப்பும் வரிசையாக டிஎம்வி 2-ஐயே விதைப்பது வழக்கம். அவ்வளவு சீக்கிரம் அதற்கு நோய் தொற்றும். தாங்கும் குணம் வந்த இடமோ தூரம்: பொலிவியாவின் காட்டு நிலக்கடலை இனமான அராக்கிஸ் கார்டினாசி. அதன் குணத்தை ஏற்ற ஜிபிபிடி 4 என்ற ரகம் தார்வாடில் உருவானது. அங்கேயே மரபணு அடையாளங்களின் துணையோடு அதை டிஎம்வி 2-க்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் நோய் எதிர்ப்போடு தடித்த ஓடும் நீண்ட வயதும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு; அவற்றைக் கழிக்கத்தான் ஆண்டுகள் ஓடுகின்றன. உதகை முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தில் உருளைக்கிழங்குக்கும் இதே பாடுதான். கருகலையும் முட்டைக்கூடு நூற்புழுவையும் தாங்கும் குஃப்ரி சுவர்ணா ரகம் அங்கே 1985-இல்தான் வந்தது.

புது மல்லாட்டை ரகம் வந்தபிறகும் கெடாருக்கு வந்துசேர நாளாகும். மல்லாட்டைக்கு ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு விதை வேண்டும். நெல்லைப்போல ஒரு மூட்டை ஊரையே நிரப்பாது. நல்லவேளை, இது தன் பூவிலேயே கருவுறும் பயிர். ஆண்டுதோறும் கடை விதையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. நோய் தாங்கும் ரகம் கைக்கு வந்தால் அறுவடையிலேயே விதைக்கென்று தனியாக எடுத்து, உடைக்காமல் காயாகக் காயவைத்து வையுங்கள். பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் ஒரு மூட்டை கொடுங்கள்.