ஒளி மறைத்த திரை

விளக்கேற்றுவதை மங்கலச் செயலாகப் போற்றுவது தமிழர் மரபு. மாலை வேளையில் வாயிலில் ஒளிரும் சிறுவிளக்கு, உள்ளே மனிதர் வாழ்கின்றனர் என்பதை வழிச்செல்வோருக்கு அறிவித்து நிற்கும். ஆயினும், அவ்வொளியே பகைவருக்கு வழிகாட்டியாக மாறிய காலமும் உண்டு. 1914ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவில், எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையை நெருங்கியபோது, நகரத்து விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. சிறிது நேரத்தில் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள் குண்டுபட்டுத் தீப்பற்றின. அன்று பரவிய அச்சத்தின் அடையாளமாக, 'எம்டன்' என்னும் சொல் தமிழ்ப் பேச்சிலும் இடம்பெற்றுவிட்டது.

அன்று கடல்வழி வந்த பகை, அடுத்த உலகப்போரில் வான்வழி வந்தது. இரவில் பறக்கும் விமானிக்குக் கீழே தெரியும் ஒளிப்புள்ளிகள் ஊரின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆதலின், 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் போர் அறிவிப்பதற்கு இரண்டு நாள் முன்னரே, அந்நாடு முழுவதும் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. வண்டிகளின் முகவிளக்குகள் மூடியிட்டு மறைக்கப்பட்டன. ஒவ்வொரு வீட்டினரும் தத்தம் சன்னல்களிலிருந்து ஒளி சிறிதும் வெளியே கசியாதவாறு மறைத்தல் வேண்டும் என்று சட்டம் பிறந்தது. ஒவ்வொரு நாளும் எந்நேரத்தில் மறைக்கவேண்டும், எந்நேரத்தில் திறக்கலாம் என்பதைச் செய்தித்தாள்கள் அச்சிட்டு அறிவித்தன.

சட்டம் இயற்றுதல் எளிது. அதனை ஒரு வீட்டில் நிறைவேற்றுதல் அத்துணை எளிதன்று. முதலிற் தோன்றிய கேள்வி, எத்துணியைத் தேர்வது என்பதாகும். கரிய நிறம் ஒன்றே போதும் என்று எண்ணியவர் ஏமாந்தனர். இழைகள் நெருக்கமின்றி நெய்யப்பட்ட துணி, எத்துணைக் கருமையாயினும், பின்னால் விளக்கு எரியும்போது சல்லடைபோல் ஒளியைக் கசியவிடும். எனவே துணியின் நிறத்தைப் பார்ப்பதினும், அதனை விளக்கின் எதிரே பிடித்துப் பார்ப்பதே தக்க சோதனையாயிற்று. நெருக்கமாக நெய்த கனத்த கருந்துணியைச் சிலர் வாங்கினர். இயலாதவர் பழைய திரையின் பின்னே மற்றொரு துணியை வைத்துத் தைத்தனர். இன்னுஞ் சிலர் மரச்சட்டத்தில் கருந்தாளையோ அட்டையையோ பொருத்தி, மாலைதோறும் சன்னலில் பொருத்துவதும் காலைதோறும் எடுப்பதுமாக இருந்தனர். தொழிற்சாலைகள் பலவற்றில் கூரைக் கண்ணாடிகளுக்குக் கருஞ்சாயமே பூசிவிட்டனர். அதனால் அங்கு உழைத்தோர் பகலிலும் செயற்கை ஒளியிலேயே பணிபுரிய நேர்ந்தது.

துணி கிடைத்த பின்னும் தொல்லை தீர்ந்தபாடில்லை. ஒளி துணியின் நடுவே செல்வதில்லை. ஓரங்களைத் தேடியே செல்லும். திரைக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருப்பின், அதுவே வெளியே நீண்ட ஒளிக்கோடாகத் தோன்றும். ஆதலின், திரை சன்னலைவிட நாற்புறமும் அகன்றிருத்தல் வேண்டும். ஓரங்கள் சுவரோடு ஒட்டிப் படிதல் வேண்டும். காற்றில் அசையாதவாறு கீழ்மடிப்பிற் பாரம் இருத்தல் வேண்டும். கதவு திறக்கும்போது ஒளி பாயுமே என்பதற்காக, வாயிலின் உட்புறத்தில் மற்றொரு திரையையும் தொங்கவிட்டனர். உள்ளே வருபவர் ஒன்றை மூடிய பின்னரே மற்றொன்றைத் திறப்பார்.

இத்தனையும் செய்து முடித்த இல்லத்தலைவி, தன் அறையின் நடுவே நின்று நோக்கினால் யாவும் செம்மையாகவே தோன்றும். விளக்கெரியும் அறைக்குள் நிற்பவர் கண்ணுக்குத் திரையின் ஓட்டை தெரிவதில்லை. அதனை அறிய வேண்டுமாயின், குளிரானாலும் மழையானாலும், கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கி, எதிர்ப்புறத்தில் நின்று தன் வீட்டைத் தானே நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்காதவர் வீட்டுக் கதவை, இரவில் சுற்றிவரும் வான்தாக்குதல் காப்புக் காவலர் வந்து தட்டினர். முதலில் எச்சரித்தனர், மீண்டும் தவறியவர் நீதிமன்றத்தில் தண்டம் செலுத்தினர். "என் வீடு, என் விளக்கு" என்று வழக்காடுதற்கு அங்கு இடமில்லை. ஒரு வீட்டில் கசியும் ஒளி, அத்தெரு முழுவதையும் காட்டிக்கொடுக்கக் கூடும் அன்றோ?

இருளுக்கும் ஒரு விலை இருந்தது. தெருக்களில் மனிதர் வண்டிகளில் மோதுண்டனர். படிகளில் தடுக்கி விழுந்தனர். 1938ஆம் ஆண்டில் பிரிட்டனின் சாலைகளில் இறந்தோர் 6,648 பேர். 1941ஆம் ஆண்டில் அத்தொகை 9,169 ஆயிற்று. பெட்ரோல் தட்டுப்பாட்டால் வண்டிகள் குறைந்திருந்த காலத்திலும் இந்நிலை! அதனாலேயே நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளைப் பட்டை தீட்டினர். இரவில் நடப்போர் வெண்ணிறப் பொருள் ஒன்றை அணிந்தோ ஏந்தியோ செல்லுமாறு அறிவுறுத்தினர். மேலும், திரை ஒன்றே நகரங்களைக் காத்துவிட்டது எனக் கூறுதல் பொருந்தாது. நிலவொளியில் ஆறுகள் வெள்ளிக்கோடாய் மின்னின. வானொலி அலைகளும் விமானங்களுக்கு வழிகாட்டின. இதனை அறிந்திருந்தும், தம்மால் மறைக்கக்கூடிய ஒளியை மறைப்பதில் மக்கள் சோர்வடையவில்லை. 1944ஆம் ஆண்டு செப்டம்பரில் கட்டுப்பாடு தளர்ந்தது. 1945ஆம் ஆண்டு வசந்தத்தில் விளக்குகள் மீண்டும் ஒளிர்ந்தன.

போர் முடிந்தாலும், ஒளிமறைக்கும் திரை மறையவில்லை. அதன் பணி மட்டும் மாறிற்று. அன்று உள்ளொளி வெளிச்செல்லாமல் தடுத்தது; இன்று வெளியொளி உட்புகாமல் தடுக்கிறது. நார்வே நாட்டின் வடபகுதியிலுள்ள திரோம்சோ நகரில், மே மாதத்தின் பிற்பகுதியில் தொடங்கி இரண்டு திங்கள் வரை கதிரவன் மறைவதே இல்லை. அங்கு உறங்க விரும்புவோர்க்குத் திரையே இரவைத் தருகின்றது. இரவெல்லாம் நோயாளியருகே விழித்திருந்து, பகலில் கண்ணயரும் செவிலியர்க்கும் அவ்வாறே. உறக்கத்திற்குத் துணைபுரியும் மெலடோனின் என்னும் சுரப்பு, கண்ணில் ஒளி படும்போது குறைகின்றது என்று மருத்துவ நூலோர் கூறுவர்.

இக்காலத் திரையின் பின்புறத்தில் ஒளிபுகாப் பூச்சு இருத்தலுண்டு. பின்புறம் வெண்மையாயிருப்பின் வெயிலின் வெம்மையையும் ஓரளவு திருப்பி அனுப்பும். எனினும், தொங்கவிடும் முறை பழையதே. திரைக்கோல் சன்னலின் இருமருங்கிலும் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீண்டு, மேலேயும் அத்துணை உயர்ந்திருத்தல் நலம். துணியின் மொத்த அகலம், கோலின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கேனும் இருந்தால் மடிப்புகள் நிறைந்து விழும். கனத்த திரையை நாள்தோறும் இழுக்கும்போது, மேற்பூச்சில் மட்டும் ஊன்றிய திருகாணி பெயர்ந்து விழும். ஆதலின் செங்கல்வரை துளையிட்டு, அதனுள் கட்டையை இறுக அடித்து, அக்கட்டையில் திருகாணியை முடுக்குதல் வேண்டும். கோல் நீளமாயின் நடுவிலும் ஒரு தாங்கி வேண்டும். அடுப்பருகே திரை தொங்கலாகாது. சுருக்காகத் தொங்கும் கயிறு குழந்தையின் கழுத்திற் சிக்கக்கூடுமாதலின், அது கைக்கெட்டாவண்ணம் இருத்தல் வேண்டும். எல்லாம் முடிந்தபின், நண்பகலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று பார்த்தால், எவ்வோரம் குறைபட்டது என்பதை ஒளியே சுட்டிக்காட்டும்.

ஒளி இருக்கும் பக்கத்தில் நிற்பவருக்குத் திரையின் குறை தெரிவதில்லை. இருள் இருக்கும் பக்கத்திற்குச் சென்றவருக்கே அது தெரிகின்றது. அன்று லண்டன் மக்கள் இரவுதோறும் தெருவில் இறங்கித் தம் வீட்டை அயலார் கண்கொண்டு நோக்கினர். துணியும் ஆணியும் கடையிற் கிடைக்கும். அந்நோக்கை மட்டும் ஒவ்வொருவரும் தாமே பழகிக்கொள்ளுதல் வேண்டும்.